கப்பலிலிருந்து பணியிடம் வரை: அளவு மீறிய சரக்குகள் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்மாற்றி, கொதிகலன் உருளை, எண்ணெய் ஆலையின் அழுத்தக் கலன், காற்றாலை இறக்கை போன்றவை எந்தச் சாதாரண லாரியிலும் அடங்காதவை. அவற்றைத் துறைமுகத்தில் இறக்கி, உள்நாட்டுப் பணியிடங்களுக்குச் சாலை வழியே கொண்டு சேர்க்கும் தொழிலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறேன். மணல் லாரிகள் ஓடியே எங்கள் சாலை நொறுங்கிவிட்டது. ஆனால் 200 டன்னுக்கும் மேலான மின்மாற்றி ஒன்று அதே சாலையில் சென்றபோது ஒரு விரிசல்கூட விழவில்லை. இது எப்படி?

நீங்கள் கவனித்தது சரிதான். சாலையைப் பொறுத்தவரை வண்டியின் மொத்த எடை இரண்டாம்பட்சம். ஒவ்வோர் ஆக்சிலின் வழியாகவும் ஒவ்வொரு டயரின் வழியாகவும் எவ்வளவு எடை கீழே இறங்குகிறது என்பதுதான் முதல் கணக்கு. பெருஞ்சுமைகளுக்கான ஹைட்ராலிக் டிரெய்லர்களில் சுமார் 1.5 மீட்டருக்கு ஒன்றாக ஆக்சில் வரிசைகள் இருக்கும். ஒரு வரிசையில் அருகருகே இரண்டு ஆக்சில்கள், எட்டு டயர்கள். 240 டன் மின்மாற்றியை 20 வரிசை டிரெய்லரில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் சொந்த எடை சுமார் 80 டன் என்றால், மொத்தம் 320 டன். ஒரு வரிசைக்கு 16 டன், ஒரு டயருக்கு 2 டன். பின் ஆக்சிலில் நான்கு டயர்கள் கொண்ட லாரி ஒன்று அந்த ஆக்சிலில் 10 டன் சுமந்தாலே டயருக்கு 2.5 டன் ஆகிவிடுகிறது. அளவுக்கு மேல் மணல் ஏற்றினால் சொல்லவே வேண்டாம்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆஷோ (அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையின் முடிவுகளிலிருந்து ஒரு தோராய விதி பெறப்பட்டது. ஆக்சில் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அந்த விதி. ஆக்சில் எடையை இரட்டிப்பாக்கினால் சேதம் பதினாறு மடங்காகும். தினமும் ஓடும் மணல் லாரிகள் அந்தக் கணக்கின்படியே உங்கள் சாலையைத் தின்கின்றன. மின்மாற்றியோ ஒருமுறை வந்தது, எடையைப் பரப்பி வைத்துக்கொண்டு வந்தது, போய்விட்டது.

பாலங்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. ஒரு பாலக் கண்ணின் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) மேல் ஒரே நேரத்தில் எத்தனை ஆக்சில்கள் நிற்கின்றனவோ, அத்தனையின் எடையையும் அந்தக் கண் சேர்த்துத் தாங்கவேண்டும். 20 வரிசை டிரெய்லரின் நீளம் சுமார் 30 மீட்டர். 30 மீட்டர் கண் கொண்ட பாலத்தில் 320 டன்னும் ஒரு கட்டத்தில் முழுவதுமாக ஏறி நிற்கும். ஆகவே ஒவ்வொரு பாலத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அனுமதி வழங்கப்படுகிறது. அனுமதியிலும் சில நிபந்தனைகள் இருக்கும்: வேறு எந்த வண்டியும் அந்நேரத்தில் பாலத்தில் இருக்கக் கூடாது, பாலத்தின் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது, ஆள் நடக்கும் வேகத்தில் சீராகச் செல்லவேண்டும், நடுவில் பிரேக் போடவோ நிற்கவோ கூடாது. மெதுவாகச் செல்லும் வண்டி பாலத்தை அதிர வைக்காது. நடுக்கோட்டில் செல்லும் வண்டியின் எடையை எல்லா உத்திரங்களும் பகிர்ந்துகொள்ளும். பாலத்தின் மீது கியர் மாற்றவும் ஓட்டுநருக்கு அனுமதி இல்லை என்பதால், ஏறுவதற்கு முன்பே அவர் உரிய கியரில் போட்டுக்கொள்வார்.

தானாகவே ஓடும், நூற்றுக்கணக்கான சக்கரங்கள் கொண்ட மேடை வண்டிகளைப் படங்களில் பார்க்கிறோம். அதையே துறைமுகத்திலிருந்து பணியிடம் வரை ஓட்டிச் சென்றால் இழுவை வண்டிக்கு அவசியமில்லையே?

எஸ்.பி.எம்.டி. எனப்படும் அந்த மேடை வண்டிகள் வியக்கத்தக்கவைதான். ஒவ்வொரு சக்கரத் தொகுதியும் தனித்தனியே திரும்பும். வண்டி நின்ற இடத்திலேயே சுழலும், நண்டைப் போலப் பக்கவாட்டிலும் நகரும். தளத்தைச் சுமார் 60 முதல் 70 சென்டிமீட்டர் வரை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும் என்பதால், கிரேன் இல்லாமலே சுமையின் அடியில் புகுந்து தூக்கிக்கொள்ளும். எனினும் அவை நெடுந்தூர ஓட்டத்துக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. நடை வேகத்தில் நகர்பவை. துறைமுக வளாகத்துக்குள்ளும், பணியிடத்தில் அடித்தளத்தின் மேல் துல்லியமாக இறக்கி வைக்கும் கடைசிக் கட்டத்திலும் அவற்றுக்கு நிகரில்லை. இடையிலுள்ள சில நூறு கிலோமீட்டர்களுக்கு இழுவை வண்டியும் ஹைட்ராலிக் டிரெய்லருமே பொருத்தம்.

முன்னால் இரண்டு இழுவை வண்டிகள் இழுக்க, பின்னால் ஒன்று தள்ளுவதைப் பார்த்த வேறொரு வாசகர், ஒரே சக்திவாய்ந்த வண்டி போதாதா என்று கேட்டிருக்கிறார். என்ஜின் வலு போதும், டயரின் பிடிதான் போதாது. 320 டன் எடை 5 சதவீத ஏற்றத்தில் ஏறும்போது 16 டன் விசை அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது; சக்கரங்கள் உருளுவதற்கான தடையையும் சேர்த்தால் 20 டன்னைத் தாண்டிவிடும். இழுவை வண்டியின் இயக்கு ஆக்சில்களின் மேல் 28 டன் அழுந்துவதாகக் கொண்டால், உலர்ந்த சாலையில் அதில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 17 டன்னுக்குச் சற்றுக் குறைவாகவே இழுக்கமுடியும். ஈரச் சாலையில் அதுவும் குறைந்துவிடும். அதற்கு மேல் என்ஜின் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் வழுக்கிச் சுழலுமே தவிர வண்டி நகராது. இழுவை வண்டியின் முதுகில் இரும்பும் கான்கிரீட்டும் அடைத்த பெட்டியை ஏற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிடிப்பைக் கூட்டுவதற்காகவே அந்த வீண் சுமை ஏற்றப்படுகிறது.

சுமை மிகவும் உயரமாக இருந்தால் டிரெய்லரின் மேல் வைக்கவே முடியாது. பாலங்களின் அடியில் முட்டும். அப்போது முன்னும் பின்னும் இரண்டு ஆக்சில் தொகுதிகளை நிறுத்தி, இடையே நீண்ட எஃகு உத்திரங்களைப் பூட்டி, தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் சுமையைத் தொங்கவிட்டுப் பல்லக்குப் போலக் கொண்டு செல்வார்கள். செலவு மிகுந்த ஏற்பாடு அது; வண்டியும் மிக நீண்டுவிடும். ஆனால் பெரிய மின்மாற்றிகளுக்குப் பல நேரங்களில் வேறு வழியிருக்காது.

வழித்தட ஆய்வுக்கு இவ்வளவு நாளும் பணமும் ஏன் செலவாகிறது? இப்போதுதான் செயற்கைக்கோள் வரைபடங்கள் எல்லார் கையிலும் இருக்கின்றனவே?

வரைபடத்தில் ரவுண்டானாவின் வட்டம் தெரியும். அதன் நடுவிலுள்ள மேடையின் உயரம் தெரியாது. வண்டியின் அடித்தளம் அந்த மேடைக்கு மேலாகக் கடந்துவிடுமா, இல்லையா என்பதில்தான் வழித்தடமே முடிவாகும். நேரில் சென்று, அளவுகோலும் லேசர் கருவியும் வைத்து அளந்தே தீரவேண்டிய இடங்கள் ஒரு பயணத்தில் ஏராளம்.

உயரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மேம்பாலத்தில் எழுதியிருக்கும் உயரத்தை நம்பி வண்டியை விடும் பொறுப்பாளர் யாரும் இல்லை. அந்த எண் எழுதப்பட்ட பிறகு கீழேயுள்ள சாலைக்கு எத்தனை முறை தார் போட்டார்களோ, அத்தனை முறையும் இடைவெளி குறைந்திருக்கும். மேம்பாலத்தின் அடிப்பகுதி சாய்வாக இருந்தால் இடது ஓரத்தில் ஓர் அளவும் வலது ஓரத்தில் வேறோர் அளவும் கிடைக்கும். மின்கம்பிகளோ பருவத்துக்கு ஏற்ப மாறுபவை. குளிர்ந்த காலை வேளையில் அளந்த கம்பி, வெயில் ஏறிய நண்பகலில் மேலும் தொய்ந்து நிற்கும். உயர் மின்னழுத்தக் கம்பியானால் தொட வேண்டிய அவசியம்கூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அதற்கான பாதுகாப்பு இடைவெளியையும் உயரக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

அடுத்தது வளைவு. நீண்ட வண்டி திரும்பும்போது அதன் நடுப்பகுதி வளைவின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு செல்லும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையின் முனை வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டு போகும். வண்டி துடைக்கும் இந்த மொத்தப் பரப்பையும் கணினியில் வரைந்து, அதற்குள் வரும் விளக்குக் கம்பம், வழிகாட்டிப் பலகை, மரக்கிளை ஒவ்வொன்றையும் பட்டியலிடுவார்கள். எதை அகற்றுவது, எதைத் தற்காலிகமாகக் கழற்றி மாட்டுவது, எங்கே சாலையோரத்தில் எஃகுத் தகடு விரிப்பது என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து வரும். சாலையோர மண்பகுதி பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் ஆக்சில் ஒன்று அதில் இறங்கினால் வண்டியை மீட்பதற்கே தனியாகக் கிரேன் கொண்டு வரவேண்டியிருக்கும்.

மேடு பள்ளத்தையும் மறந்துவிடக் கூடாது. ரயில்வே கடவுப்பாதை போன்ற திடீர் மேட்டில் நீண்ட தாழ்தள வண்டியின் வயிறு தரையில் தட்டி நின்றுவிடும். தண்டவாளத்தின் மேல் அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பலரும் கோட்டைவிடும் பகுதி பணியிடத்தின் வாசலுக்கு உள்ளே இருக்கிறது. முந்நூறு கிலோமீட்டர் பொதுச்சாலையை அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள், கடைசி அரைக் கிலோமீட்டரைத் திட்ட அதிகாரிகளின் வாய்மொழியை நம்பி விட்டுவிடுவார்கள். ஆய்வு முடிந்த பிறகு குழாய் பதிக்கத் தோண்டி, மேலோட்டமாக மண்ணை நிரப்பி வைத்திருக்கும் உட்புறச் சாலை. புதிதாக எழுந்த குழாய்ப் பாலம். வண்டி நிற்கவேண்டிய இடத்தில் அடுக்கிய சாரக் கம்பிகள். நான் உடன் சென்ற ஒரு பயணத்தில், ஆய்வுக்கும் வருகைக்கும் இடைப்பட்ட வாரங்களில் நுழைவாயிலில் அலங்கார வளைவு ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்கள். அதை இடித்துவிட்டுத்தான் உள்ளே போகமுடிந்தது. ஆகவே, ஆய்வறிக்கைக்கும் ஆயுள் உண்டு. பயணத்துக்குச் சில நாள் முன்பு முழு வழியையும் மறுபடி ஓட்டிப் பார்க்காத ஆய்வறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இந்த வண்டிகள் எப்போதும் இரவில்தான் செல்லவேண்டுமா?

இல்லை. போக்குவரத்து குறைவு என்பதால் சில நாடுகளில் இரவு நேரமே கட்டாயம். பார்வைத் தெளிவு கருதிச் சில இடங்களில் பகல் மட்டுமே அனுமதி. நகருக்குள் இரவும் திறந்த நெடுஞ்சாலையில் பகலும் என்று ஒரே பயணத்திலேயே விதி மாறுவதும் உண்டு. அனுமதிச் சீட்டில் உள்ளதே இறுதி.

பொறியியல் மாணவன் நான். சாலை பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் இடத்தில் உயரமான சுமை கவிழாமல் இருப்பதை எப்படி உறுதி செய்கிறார்கள்? டிரெய்லரின் அகலத்துக்குள் ஈர்ப்பு மையம் விழுந்தால் போதும் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஹைட்ராலிக் டிரெய்லரின் விளிம்பு வரை சுமை தாங்கப்படுவதில்லை. ஒவ்வோர் ஆக்சிலையும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர் தாங்குகிறது. பல சிலிண்டர்களைக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்து ஒரு தொகுதி ஆக்குகிறார்கள். ஒரு தொகுதிக்குள் எண்ணெய் தாராளமாக ஓடும் என்பதால் எல்லாச் சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அதன் சிலிண்டர் நீண்டு, மற்றவை சற்றே சுருங்கி, எடைப் பகிர்வு மாறாமல் நிற்கும். முதல் கேள்வியில் சொன்ன ‘ஒரு வரிசைக்கு 16 டன்’ என்ற கணக்கு மேடுபள்ளத்திலும் பொய்க்காமல் இருப்பது இதனால்தான்.

வழக்கமாக எல்லாச் சிலிண்டர்களையும் மூன்று தொகுதிகளாகப் பிரிப்பார்கள்: முன்னால் ஒன்று, பின்னால் இடதும் வலதுமாக இரண்டு. சுமை உண்மையில் நிற்பது இந்த மூன்று தொகுதிகளின் மையங்களை இணைக்கும் முக்கோணத்தின் மேல். 3 மீட்டர் அகல டிரெய்லரிலும் இடது வலது சிலிண்டர்களுக்கு இடைப்பட்ட தூரம் 2 மீட்டருக்கும் குறைவு. அதிலும் முக்கோணம் ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகிறது. ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே, முக்கோணத்தின் விளிம்பு 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று கொள்வோம். தரையிலிருந்து ஈர்ப்பு மையம் 3 மீட்டர் உயரத்தில் இருந்து, வளைவில் சாலை 7 சதவீதம் சாய்ந்திருந்தால், எடையின் கோடு 21 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இருந்த 60இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கேயே போயிற்று. காற்று, திருப்பத்தின் விலக்கு விசை, சுமையை ஏற்றும்போது மையம் சற்று விலகிய பிழை ஆகியவை மீதியிலிருந்துதான் கழியவேண்டும். நான்கு தொகுதிகளாகப் பிரித்தால் தாங்கும் பரப்பு அகலும். ஆனால் நான்கு கால் மேசையில் எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்பது எளிதில் தெரியாது என்பதைப் படித்திருப்பீர்கள். அங்கே அழுத்தமானிகளை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்த வேலையைச் செய்பவர் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. டிரெய்லரின் பக்கவாட்டில், கையெட்டும் தூரத்தில் வால்வுகளும் அழுத்தமானிகளும் இருக்க, கூடவே நடந்து வருவார். சாலை வலப்புறம் சாயத் தொடங்கியதும் வலத் தொகுதிக்கு எண்ணெய் கொடுத்துத் தளத்தை நிமிர்த்துவார். சாய்வு முடியும் இடத்தில் அதே அளவு இறக்குவார். தளத்தின் குறுக்கே பொருத்திய மட்டக் கருவியின் குமிழிலிருந்து அவர் கண் அகலாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் அந்தப் பக்கம் முழுவதும் சட்டென்று உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு. குழாய் உடைந்த கணமே எண்ணெயை அடைத்துவிடும் தடுப்பு வால்வுகள் அதற்காகவே இருக்கின்றன. அவை வேலை செய்கின்றனவா என்பதைப் புறப்படும் முன் சோதித்துப் பார்ப்பது நல்ல அணியின் அடையாளம்.

நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள பொருளுக்குச் சங்கிலி கட்டுவது சடங்குதானே? அது தன் எடையாலேயே நிற்காதா?

இப்படி நினைத்தவர்களால் நேர்ந்த விபத்துகள் பல. எடை கூடினால் உராய்வு கூடும் என்பது உண்மை. பிரேக் போடும்போது பொருளை முன்னே தள்ளும் விசையும் அதே விகிதத்தில் கூடும் என்பதும் உண்மை. ஆகவே 2 டன் பெட்டிக்கும் 200 டன் கலனுக்கும் வழுக்கும் விகிதம் ஒன்றுதான். சாலைப் போக்குவரத்தில் சுமையைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தர விதியான இ.என். 12195, முன்னோக்கி எடையின் பத்தில் எட்டுப் பங்கையும் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் பாதியையும் தாங்குமாறு கட்டச் சொல்கிறது. வண்ணம் பூசிய எஃகு எஃகின் மேல் நேரடியாக உட்கார்ந்தால் உராய்வு பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் கிடைக்கும். இடையே மரக்கட்டையோ ரப்பர் விரிப்போ போட்டால் அது பன்மடங்காகும். அந்த ஒரு விரிப்பு பல சங்கிலிகளுக்குச் சமம். மரம் அமுங்கும், சங்கிலி தளரும். எனவே புறப்பட்ட சில கிலோமீட்டர்களிலேயே வண்டியை நிறுத்தி, எல்லாச் சங்கிலிகளையும் மறுபடி முறுக்கிவிட்டுத்தான் பயணத்தைத் தொடரவேண்டும்.

எங்கள் ஆலைக்கு வந்த மின்மாற்றியில் வெளியே கீறல்கூட இல்லை. ஆனால் அதில் பொருத்தியிருந்த அதிர்வுப் பதிவுக் கருவி ஓரிடத்தில் வரம்பைத் தாண்டிக் காட்டுகிறது. போக்குவரத்து நிறுவனம் ரசீதில் உடனே கையெழுத்துக் கேட்கிறது. என்ன செய்வது?

கையெழுத்திடுங்கள், ஆனால் கருவி காட்டிய அளவையும் அது பதிவான தேதி, நேரத்தையும் ரசீதின் எல்லாப் பிரதிகளிலும் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று அச்சிட்ட வரியின் கீழ் வெறும் கையெழுத்தைப் போட்டுவிட்டால், பிறகு உள்ளே சேதம் தெரியவரும்போது அதைப் பாதையில் நேர்ந்தது என்று நிறுவுவது உங்கள் பாடாகிவிடும். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, காப்பீட்டு சர்வேயர் வரும் வரை கருவியைக் கழற்றாமல் வைத்திருங்கள்.

பெரிய மின்மாற்றிகள் எண்ணெய் இல்லாமல்தான் பயணம் செய்கின்றன. எடையைக் குறைக்க எண்ணெயை வடித்துவிட்டு, ஈரம் புகாதிருக்க உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ சற்று மிகை அழுத்தத்தில் நிரப்பி அனுப்புவார்கள். அந்த அழுத்தம் இன்னும் இருக்கிறதா என்பது நீங்கள் பார்க்கவேண்டிய முதல் விஷயம். அழுத்தமானி பூஜ்யத்தில் நின்றால், அதிர்வைவிடப் பெரிய கவலை அது. உள்ளே காகித மின்காப்பு ஈரம் குடித்திருக்கக்கூடும். அடுத்து, உட்கருவுக்கும் (சுருள்கள் சுற்றியிருக்கும் இரும்பு நடுப்பகுதி) தொட்டிக்கும் இடையேயான மின்காப்புத் தடையை அளந்து பார்க்கவேண்டும். உட்கரு நகர்ந்து தொட்டியைத் தொட்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். மூன்றாவது, எஸ்.எஃப்.ஆர்.ஏ. எனப்படும் அலைவெண் மறுமொழிச் சோதனை. பல அலைவெண்களில் சிறு மின்சமிக்ஞை செலுத்தி, சுருள்களின் மறுமொழியைக் கோடாக வரைந்து, ஆலையில் எடுத்த கோட்டோடு ஒப்பிடுவார்கள். சுருள் நகர்ந்திருந்தால் இரண்டு கோடுகளும் பிரிந்து நிற்கும். ஆலையில் எடுத்த கோடு, பயணத்துக்கான அதே நிலையில், அதாவது எண்ணெய் இல்லாமல் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். எண்ணெயோடு எடுத்ததையும் எண்ணெயில்லாமல் எடுத்ததையும் ஒப்பிட்டு வீணாகப் பதறியவர்கள் உண்டு.

யார் பொறுப்பு என்பதைக் கருவியின் நேரப் பதிவே பெரும்பாலும் சொல்லிவிடும். அந்த நேரத்தில் மின்மாற்றி கடலில் இருந்ததா, கிரேனில் தொங்கியதா, சாலையில் ஓடியதா என்பதைக் கப்பல் பதிவேட்டோடும் வண்டியின் இருப்பிடப் பதிவோடும் பொருத்திப் பாருங்கள். கண நேரக் கூர்முனை மட்டும் என்றால், யாரோ கருவியின் மேலேயே சுத்தியலை வைத்ததாகவும் இருக்கலாம். நீடித்த அதிர்வு வேறு கதை. அடுத்த முறை, கப்பலிலிருந்து டிரெய்லருக்கு மாறும் இடத்திலேயே உங்கள் ஆள் ஒருவர் நின்று, பதிவைப் படித்து, இரு தரப்பின் கையெழுத்தோடு குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். பொறுப்பு கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தாள் இருந்தால் வழக்கே எழாது.

துறைமுகத்தில் சரக்கை இறக்கி வைத்துவிட்டு வண்டியை மெதுவாக ஏற்பாடு செய்தால் என்ன? ஏன் கப்பல் வரும்போதே டிரெய்லர் காத்திருக்க வேண்டும்?

கிரேனில் ஒவ்வொரு தூக்கும் ஓர் ஆபத்து, ஒரு செலவு. கப்பலின் கொக்கியிலிருந்து நேரே டிரெய்லரின் மேல் இறக்கினால் ஒரு தூக்கோடு வேலை முடியும். தரையில் இறக்கி வைத்தால், பிறகு ஏற்றுவதற்கு அதே வலுவுள்ள கிரேன் மறுபடி வேண்டும். கப்பலோ தன் கிரேன்களோடு போயிருக்கும். துறைமுகத் தளத்தின் தாங்கு திறனும் சதுர மீட்டருக்கு இத்தனை டன் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிட முடியாது. அதற்கு மேல் இடவாடகை நாளுக்கு நாள் ஏறும்.

காத்திருக்கும் டிரெய்லர் சரியான டிரெய்லராகவும் இருக்கவேண்டும். தயாரிப்பாளரின் வரைபடத்தில் உள்ள எடை, ஈர்ப்பு மையம், தாங்கு புள்ளிகள் ஆகியவற்றை வைத்தே வரிசைகளின் எண்ணிக்கை முடிவாகிறது. அந்த வரைபடம் விலைப்பேச்சின்போது தந்த உத்தேச வரைபடமா, உற்பத்தி முடிந்தபின் தந்த இறுதி வரைபடமா என்று கேட்டு வாங்குங்கள்; இரண்டுக்கும் இடையே எடை கூடுவது சர்வ சாதாரணம்.

காற்றாலை இறக்கையைச் செங்குத்தாக நிமிர்த்திக்கொண்டு ஒரு வண்டி மலைப்பாதையில் செல்லும் காணொளி உண்மையா?

உண்மைதான். இறக்கையின் அடிப்பகுதியை மட்டும் வண்டியில் பூட்டி, மறுமுனையைச் சுமார் 60 பாகை வரை உயர்த்தும் கருவி அது. இறக்கை படுத்திருந்தால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பவே முடியாது. நிமிர்த்தினால் மரங்களுக்கும் வீடுகளுக்கும் மேலாக அது திரும்பிக்கொள்ளும். பலத்த காற்றில் மட்டும் நிமிர்த்தமாட்டார்கள். இறக்கை காற்றைப் பிடிக்கவே செய்யப்பட்டது என்பதை அந்த நேரத்தில் அது மறப்பதில்லை.

சாலையை மாற்றுவது நல்லதா, சரக்கை மாற்றுவது நல்லதா?

பெரும்பாலான திட்டங்களில் சரக்கை மாற்றுவதே மலிவு. சாலையை மாற்றியதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டுகள் பிரான்சில் இருக்கின்றன. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பெரும் பகுதிகள் கப்பலில் பொய்யாக் துறைக்கு வந்து, அங்கிருந்து படகில் கரோன் ஆற்றின் வழியே, போர்தோவின் பழைய கல் பாலத்தின் அடியில் நீர்மட்டம் பார்த்து நுழைந்து லாங்கோன் சென்று, அதன்பின் சுமார் 240 கிலோமீட்டர் சாலையில் இரவுகளில் நகர்ந்து துலூஸ் ஆலையை அடைந்தன. அதற்காகவே சாலைகளை அகலப்படுத்தி, ஊர்களைச் சுற்றிச் செல்லும் வழிகளை அமைத்தார்கள். ஐடெர் அணுக்கரு இணைவு ஆய்வு நிலையத்துக்காக, பெர் கடற்கழியின் கரையிலிருந்து கட்டுமானத் தளம் வரை 104 கிலோமீட்டர் வழியில் பாலங்களை வலுப்படுத்தி, ரவுண்டானாக்களைத் திருத்தினார்கள். 2013 செப்டம்பரில் கான்கிரீட் கட்டிகளை ஏற்றிய சுமார் 800 டன் சோதனை வாகனத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, பாலங்கள் வளையும் அளவை அளந்த பிறகே உண்மையான சரக்கை அனுமதித்தார்கள்.

பல ஆண்டுகள் தொடர்ந்து சரக்கு வரப்போகிற திட்டங்கள் அவை. அவ்வளவு செலவு அங்கே தகும். ஒரே ஒரு கலனுக்காகப் பாலத்தை வலுப்படுத்தக் கிளம்பும் நிறுவனம், அந்தக் கலனை இரண்டாகச் செய்து பணியிடத்தில் பற்றவைக்க முடியுமா என்று வடிவமைப்பாளரைக் கேட்டிருக்கவேண்டும். பணியிடத்தில் பற்றவைப்பதும் சோதிப்பதும் எளிதல்ல, தயாரிப்பாளர்கள் விரும்புவதும் இல்லை. ஆனாலும் கேள்வியைக் கேட்க ஒரு காலம் இருக்கிறது. தகடு வெட்டிய பிறகு கேட்டால் பயனில்லை. போக்குவரத்துப் பொறியாளரை விலை கேட்க மட்டும் கடைசியில் கூப்பிடும் வழக்கத்தை விட்டு, கலனின் விட்டத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கே அழையுங்கள். விட்டத்தை 20 சென்டிமீட்டர் குறைத்து நீளத்தைச் சற்றுக் கூட்டினால் ஒரு மேம்பாலத்தின் அடியில் போய்விடலாம் என்று அவர் அங்கேயே சொல்லிவிடுவார். அதற்கு அவருக்குத் தேவை, வழியிலுள்ள மிகத் தாழ்ந்த பாலத்தின் உயரமும் ஒரு கணிப்பானும்தான்.